உலர்ந்து கிடந்த தொட்டிக்கு மீண்டும் கடல்நீர்: ஒரு பவளத் தொட்டியின் மறுசீரமைப்பு

உயிருள்ள பவளங்களையும் கடல் மீன்களையும் வளர்க்க வைத்திருந்து 2009-இல் நான் கலைத்து வைத்த பவளத் தொட்டி, சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் பாம் ஷெல்டர் என்னும் பாதுகாப்பு அறையில் பழைய போர்வை சுற்றியபடி 2023 வரை கிடந்தது. 90 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட 10 மி.மீ. கண்ணாடித் தொட்டி அது. அதனுடன் அடியில் வைக்கும் சம்ப் என்னும் துணைத்தொட்டி, நீரை மேலேற்றும் பம்ப், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், நீரைக் குளிர்விக்கும் சில்லர், 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு, ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி நிறைய உலர்ந்த பாறைகள் ஆகியவையும் இருந்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்குவது எளிதுதான். ஆனால் இந்தப் பொருள்களில் எவை காலத்தைத் தாங்கும், எவை தாங்கா என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளவே விரும்பினேன். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறவர்களுக்கு இந்தப் பதிவு பயன்படும் என்று நம்புகிறேன். கண்ணாடியையும் இயந்திரங்களையும் சில வாரங்களில் மீட்டுவிடலாம். தொட்டிக்குள் வாழ வேண்டிய நுண்ணுயிர்ச் சமூகத்துக்குத்தான் காலமும் பொறுமையும் வேண்டும். இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே அமைந்துவிட்டது.

முதலில் கண்ணாடி. பழைய தொட்டியில் நம்ப முடியாதது கண்ணாடி அன்று, மூலைகளில் இருக்கும் சிலிக்கோன். தொட்டியில் இரண்டு வகைச் சிலிக்கோன் உண்டு. இரண்டு கண்ணாடிகளின் விளிம்புக்கும் முகப்புக்கும் இடையே மெல்லிய படலமாக இருந்து பாரத்தைத் தாங்குவது ஒன்று. உள்மூலையில் பட்டையாக ஓடி, நீர் அந்தப் படலத்தை அரிக்காமல் காப்பது மற்றொன்று. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தபோது பாரம் தாங்கும் இணைப்புகளில் குமிழோ வெண்மையோ பிரிவோ இல்லை. வெளிப்புறம் அவை கறுப்பாகவும் இறுக்கமாகவும் இருந்தன. உள்பட்டையோ இரண்டு மூலைகளில் நகத்தால் நெருடினாலே உரிந்து வந்தது. பாரம் தாங்கும் இணைப்பே கெட்டிருந்தால் தொட்டியை முழுவதுமாகப் பிரித்து ஒட்ட வேண்டும். அந்த வேலைக்கு நான் துணிந்திருக்க மாட்டேன். உள்பட்டை மட்டும் என்பதால் வீட்டிலேயே செய்தேன்.

உலர்ந்து இறுகிய பழைய சிலிக்கோன்மேல் புதியது ஒட்டாது. ஆகவே உரிந்த இடத்தை மட்டும் பூசி மூடுவது பயன் தராது. உள்பட்டை முழுவதையும் எடுத்தாக வேண்டும். ரேசர் பிளேடை ஒரு கண்ணாடிமேல் படுக்க வைத்து மூலையை நோக்கித் தள்ளி, பிறகு அடுத்த கண்ணாடியின் பக்கம் அதையே செய்தால் பட்டை நீளமாகக் கயிறு போல் கழன்று வரும். பிளேடின் நுனி மூலையைத் தாண்டி இணைப்புக்குள் இறங்கிவிடக் கூடாது என்பது ஒன்றே கவனிக்க வேண்டியது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருக்கும் படலத்தைப் புதுப் பிளேடால் மீண்டும் வழித்து, பஞ்சுத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தேன். அந்த இடத்தில் விரலை இழுத்தால் வெறும் கண்ணாடியின் வழுக்கல் இருக்க வேண்டும். ரப்பர் போல் விரல் தயங்கினால் இன்னும் சிலிக்கோன் இருக்கிறது என்று பொருள். வேலை முழுவதையும் சன்னல் திறந்து வைத்து, அடுப்பு எரியாத நேரத்தில் செய்ய வேண்டும். அசிட்டோன் ஆவி எளிதில் தீப்பற்றும்.

பூசுவதற்குப் பூசணத் தடுப்பு மருந்து எதுவும் கலக்காத, காயும்போது வினிகர் வாடை வரும் வகைச் சிலிக்கோன் வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பல குழாய்களில் பூசணக்கொல்லி கலந்திருக்கும். அது கடல் உயிரினங்களுக்கு ஆகாது. மூலையின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எல்லா மூலைகளிலும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் பிதுக்கி, விரலால் ஒருமுறை மட்டும் அழுத்தி இழுத்து, மேல்தோல் படிவதற்குள் டேப்பை உரித்தேன். இதைத் தள்ளிப் போட்டால் டேப்போடு பட்டையின் விளிம்பும் கிழிந்து வரும். இந்த வகைச் சிலிக்கோன் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகுகிறது. அந்த வகையில் சிங்கப்பூரின் ஈரக்காற்று உதவியே செய்கிறது. எனினும் ஒரு வாரம் தொடாமல் வைத்துவிட்டு, பிறகு கழுவி, அடியில் செய்தித்தாள் விரித்து, நீரைப் பாதியளவில் ஒருநாள் நிறுத்திப் பார்த்த பிறகே முழுவதும் நிரப்பினேன். தாளில் ஓர் ஈரப் புள்ளியும் இல்லை.

அடுத்தது இயந்திரங்கள். பம்பைத் திறந்தபோது சுழலியின்மேல் சுண்ணாம்புப் படிவு பொருக்குத் தட்டியிருந்தது. சிட்ரிக் அமிலத் தூளை வெந்நீரில் கரைத்து ஊற வைத்ததில் அது பொரிந்து கரைந்துபோயிற்று. கரைந்த பிறகு பார்க்க வேண்டியது காந்தம். காந்தத்தைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் உப்புநீர் உள்ளே புகுந்து காந்தம் துருப்பிடித்து வீங்கும். அந்தக் கசிவு பவளங்களை மெல்ல நலிவுறச் செய்யும். என் பழைய அலைப்பம்புகள் இரண்டில் ஒன்றின் உறை ஓரத்தில் தவிட்டு நிறக் கறை தெரிந்தது. அதை அப்போதே கழித்துக் கட்டினேன். மேலேற்றும் பம்பின் காந்தம் வழுவழுப்பாகவும் பீங்கான் அச்சு முறியாமலும் இருந்ததால் அதை வைத்துக்கொண்டேன். ஸ்கிம்மரின் அக்ரிலிக் உடலில் வெடிப்பில்லை. ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றினேன்.

சில்லரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெப்ப மண்டலத்தில் பவளத் தொட்டியின் உயிர்நாடி அதுவே. இங்கே அறை வெப்பம் 30 பாகை செல்சியஸை எளிதில் தொடும். பம்புகளும் விளக்கும் தரும் வெப்பம் சேர்ந்தால் தொட்டி நீர் அதையும் தாண்டும். கடலில் வாழும் பவளங்களுக்கே அது பெருஞ்சோதனை: 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறியபோது சிங்கப்பூரைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. தன் திசுக்களில் குடியிருந்து உணவளிக்கும் நுண்பாசியை வெப்பம் தாளாமல் பவளம் வெளியேற்றிவிடுவதே வெளுப்பு. தொட்டியில் நான் குறிவைப்பது 26 பாகை.

பழைய சில்லரை நிமிர்த்தி ஒருநாள் அசையாமல் வைத்து, பின்புறத் தகட்டு மடிப்புகளில் அப்பியிருந்த தூசியை மென்தூரிகையால் மடிப்பின் போக்கிலேயே கீழ்நோக்கித் தள்ளி எடுத்தேன். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கிக் காற்றோட்டம் அடைபடும். வாளியில் குழாய்நீர் வைத்து ஓட்டியபோது கம்ப்ரசர் இயங்கியது, காற்றாடி சுற்றவில்லை. காற்றாடியின் மின்தேக்கியில் (கெப்பாசிட்டர்) மின்சுமை தங்கியிருக்கக்கூடும் என்பதால் அதை நான் தொடவில்லை. பார்க்க வந்த குளிர்சாதனப் பணியாளர் மின்னோட்டத்தை அளந்துவிட்டு, “கேஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே, ஃபேன் கெப்பாசிட்டர்தான் போயிடுச்சு” என்றார். விரலளவுப் பொருள் ஒன்றை மாற்றியதும் இயந்திரம் மீண்டது. நீர் ஓடும் டைட்டேனியம் சுருளுக்குள்ளும் சிட்ரிக் அமில நீரைச் சுழலவிட்டுக் கழுவினேன். சில்லர் உமிழும் வெப்பக்காற்று வெளியேறப் பின்புறம் இடம் வேண்டும் என்பதால் அதை அலமாரிக்குள் அடைக்காமல் சன்னலோரம் வைத்திருக்கிறேன். மூடிய அலமாரியில் அது தன் வெப்பத்தையே மீண்டும் உள்வாங்கி ஓயாமல் ஓடும்.

மெட்டல் ஹாலைடு விளக்கைத் திரும்ப மாட்டவில்லை. அதன் ஒளி அலைகளின்மேல் பட்டு மணலில் நெளிவதை இன்றைய எந்த விளக்கும் அவ்வளவு அழகாகத் தருவதில்லை என்பது என் எண்ணம். ஆனால் அது தரும் வெப்பத்தைச் சில்லர் மறுபடி வெளியேற்ற வேண்டியிருப்பது இரட்டைச் செலவு. எல்இடி விளக்கு ஒன்று வாங்கினேன். மின்கம்பிகள் ஒவ்வொன்றையும் செருகியின் மட்டத்துக்குக் கீழே வளைந்து தொங்கி மேலேறுமாறு அமைத்தேன். கம்பி வழியே வடியும் உப்புநீர் செருகியை அடையாமல் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி சாதனம் வீட்டில் இருக்கிறது; அதன் சோதனைப் பொத்தானையும் அழுத்தி, அது மின்சாரத்தைத் துண்டிக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டேன். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் பொழுதுபோக்கில் இதைத் தவிர்க்கக் கூடாது.

இனி பாறைகள். நான் விட்டுச் சென்ற காலத்தில் கடலிலிருந்து ஈரம் காயாமல் வந்த லைவ் ராக் கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. ஊதாப் பூச்சும் பஞ்சுயிர்களும் புழுக்களும் ஒட்டியிருந்த அந்தப் பாறைகளை வாங்கி வைத்தாலே தொட்டியின் உயிரியல் பாதி அமைந்துவிடும். பின்னர் 2017-இன் இறுதியில் ஃபிஜி தன் பவளம், லைவ் ராக் ஏற்றுமதியை நிறுத்தியது. 2018-இல் இந்தோனேசியாவும் பவள ஏற்றுமதியைத் தடுத்து, பிறகு வளர்ப்புப் பண்ணைப் பவளங்களை மட்டும் மீண்டும் அனுமதித்தது. கடலிலிருந்து பாறையைப் பெயர்த்து எடுப்பது குறைந்ததை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதன் விளைவாக இன்று பெரும்பாலான தொட்டிகள் உயிரற்ற உலர்பாறையில் தொடங்குகின்றன என்பதையும், பழைய நூல்களில் படித்த கால அளவுகள் அவற்றுக்குப் பொருந்தா என்பதையும் திரும்பி வருகிறவர் புரிந்துகொள்ள வேண்டும்.

என்னிடம் இருந்தவை ஒருகாலத்தில் உயிரோடிருந்து, பிறகு உலர்ந்துபோன பாறைகள். அவற்றின் துளைகளில் மடிந்த உயிரினங்களின் மிச்சமும், பழைய தொட்டி நீரிலிருந்து உறிஞ்சிய பாஸ்பேட்டும் இருக்கும். பழம்பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒருபோதும் செய்யக் கூடாது. பாறைகளில் ஒட்டி வளரும் ஸோவாந்தஸ், பாலிதோவா என்னும் பவள உறவு உயிரினங்களில் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. பாறையைக் கொதிக்க வைத்ததால் எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் சென்றவர்கள் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, வீட்டில் வெளுக்கப் பயன்படும் பிளீச்சை ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீரில் கலந்து, அதில் பாறைகளை ஊற வைத்தேன். பிளீச் இருக்கும் பாத்திரத்தில் எந்த அமிலமும் படக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். பிறகு பலமுறை அலசி, சோடியம் தையோசல்பேட் கலந்த நீரில் வைத்து எஞ்சிய குளோரினை முறித்து, வாடை முற்றும் போகும்வரை வெயிலில் காய விட்டேன்.

பாஸ்பேட்டை எடுப்பதுதான் நெடிய வேலை. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள நீரில் பாஸ்பேட் குறையக் குறைய அதை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். பெரிய தொட்டியொன்றில் உப்புநீரையும் ஒரு பம்பையும் வைத்துப் பாறைகளைப் போட்டு, சில நாள் கழித்து ஹன்னா நிறுவனத்தின் பாஸ்பரஸ் அளவியில் நீரைச் சோதித்தேன். அளவி தன் உச்சமான 200 என்ற எண்ணைக் காட்டி விட்டுவிட்டு மின்னிற்று. அந்த வகை அளவி காட்டுவது நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு பாஸ்பரஸ் என்பதை. பாஸ்பேட்டாக மாற்ற 3.066-ஆல் பெருக்க வேண்டும். அதாவது லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கும் மேல் பாஸ்பேட் இருந்தது. லாந்தனம் குளோரைடை நீர்த்துச் சொட்டுச் சொட்டாக விட்டால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மூட்டமாகத் திரளும். அதை நுண்துளைப் பையில் வடித்தெடுக்கலாம். மீன்கள் இல்லாத இந்த ஊறல் தொட்டியில்தான் அதைத் துணிந்து செய்ய முடியும். நீர் தெளிந்ததும் அளவு இறங்கும், சில நாளில் பாறை மேலும் கக்கி அளவு ஏறும், மறுபடி லாந்தனம். ஏற்றம் ஒவ்வொரு சுற்றிலும் சிறுத்துக்கொண்டே வந்து, 0.1 மில்லிகிராமுக்கு அருகே நிலைத்தபோது நிறுத்திக்கொண்டேன். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர நான் முயலவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீரைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோராமைன் சேர்க்கப்படுகிறது. சாதாரணக் குளோரின் போல் ஓர் இரவு திறந்து வைத்தால் இது போய்விடாது. தூயநீர் தரும் ஆர்ஓ (எதிர்ச் சவ்வூடு பரவல்) வடிகட்டியில் உள்ள கார்பன் கட்டை அதை உடைக்கும். உடையும்போது அம்மோனியா வெளிப்படும். அதைக் கடைசியில் இருக்கும் அயனிப் பிசின்தான் பிடிக்க வேண்டும். எனவே இங்கே கார்பனையும் பிசினையும் உரிய காலத்தில் மாற்றுவது சிக்கனம் பார்க்கக் கூடாத செலவு. கலந்த உப்பின் அடர்வை ஆயிரத்துக்கு 35 பங்கு என்று வைத்தேன். ஒளிவிலகல் மானியை வெறும் தூயநீரில் மட்டும் சரிசெய்து பயன்படுத்துவது போதாது. பல மானிகள் சமையலுப்புக் கரைசலுக்கென்று அளவிடப்பட்டவை; உண்மையான 35 பங்குக் கடல்நீரை அவை ஏறத்தாழ 36.5 என்று காட்டும். 35 பங்குக்கென்று விற்கும் தரநீரில் வைத்துத் திருத்திக்கொள்வதே சரி.

பாறைகளை அடுக்கி, சுமார் 200 லிட்டர் நீர் நிரம்பியதும் மீன் எதுவும் விடாமல் நைட்ரஜன் சுழற்சியைத் தொடங்கினேன். அம்மோனியம் குளோரைடைக் கரைத்து அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றி, புட்டியில் வரும் பாக்டீரியாவையும் சேர்த்தேன். அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட் இறங்கி நைட்ரேட் ஏறும். இந்த இடைக்காலத்தில் நைட்ரேட்டைச் சோதிப்பதில் பொருளில்லை. நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் அளக்கின்றன. ஏற்கெனவே இருக்கும் நைட்ரைட் கணக்கைப் பல மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். கடல்நீரில் உள்ள குளோரைடு, மீன்கள் நைட்ரைட்டை உட்கொள்வதைத் தடுப்பதால் நன்னீர்த் தொட்டியில் போல் நைட்ரைட்டுக்கு இங்கே அஞ்ச வேண்டியதில்லை.

சுழற்சி முடிந்துவிட்டது என்று சோதனைகள் சொல்லும் அந்த நாளில்தான் திரும்பி வந்தவர்கள் பலர் பவளங்களை வாங்கிவிடுகிறார்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறுவது ஒன்று. பாறையின் மேற்பரப்பு முழுவதும் பலவகை உயிர்களால் நிரம்புவது வேறொன்று. உலர்பாறையில் எல்லா இடமும் காலியாக இருக்கிறது. அந்த இடத்தை முதலில் பிடிப்பவை வேகமாகப் பெருகுகிறவையே. முதலில் டயட்டம் என்னும், சிலிக்கா ஓடுடைய நுண்பாசியின் பழுப்பு நிறப் படலம் வந்தது. சிலிக்கேட் தீர்ந்ததும் அது தானே போயிற்று. பின்னர் பச்சை இழைப்பாசி. அதற்கு ட்ரோக்கஸ் நத்தைகளை விட்டேன். இந்த நத்தைகள் கவிழ்ந்தால் தாமே நிமிர்ந்துகொள்ளும் என்பதால் மற்ற வகைகளைவிட எனக்கு இவற்றின்மேல் மதிப்பு அதிகம்.

அதன்பின் மணலின்மேலும் பாறையின் உச்சியிலும், குமிழ்கள் சிக்கிய பழுப்புச் சளி போல ஒன்று படர்ந்தது. பகலில் தடித்து, விளக்கு அணைந்த பின் மெலிந்து, மறுநாள் நண்பகலில் முன்னிலும் அதிகமாகத் தோன்றியது. பாசி என்று எண்ணி நீரை மாற்றிக்கொண்டே இருப்பது பழைய பழக்கம். இதற்கு அது எதிர்விளைவையே தரும். சளியில் சிறிது உறிஞ்சி ஒரு குப்பியில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடித்து, வடிந்த நீரை விளக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குள் தெளிந்த நீரில் மீண்டும் இழைகள் கூடிக் கட்டியாயின. தாமே நகர்ந்து கூடக்கூடியவை என்றால் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் (சுருக்கமாக டைனோக்கள்) என்னும் நீந்தும் ஒருசெல் உயிரிகள் என்று பெரிதும் நம்பலாம். எது என்று அறிய என் மகள் தன் பள்ளிப் படிப்புக்கு வைத்திருந்த நுண்ணோக்கியைக் கொண்டுவந்தாள். வில்லையின்கீழ் கண்ணீர்த்துளி வடிவ உடல்கள், கூர்முனையை ஓரிடத்தில் ஊன்றி, கயிற்றில் கட்டிய கன்று முளையைச் சுற்றுவதுபோல் அந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழன்றன. “அப்பா, எல்லாம் ஒரே இடத்துல சுத்துது” என்று அவள் சொன்னபோதே அது ஆஸ்ட்ரியோப்சிஸ் என்னும் டைனோ வகை என்று தெளிவாயிற்று.

எது என்று அறிவதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், மருத்துவம் அதைப் பொறுத்தே மாறுகிறது. ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் பாறையை விட்டு நீரில் மிதக்கும். எனவே தொட்டி நீரை நேரடியாக இழுத்துத் திருப்பி விடும் புறஊதா விளக்கு அதைக் கொல்லும். ஆம்ஃபிடினியம் என்னும் மற்றொரு வகை மணலுக்குள்ளேயே தங்குவது. அதற்குப் புறஊதா விளக்கை எவ்வளவு நேரம் எரித்தும் பயனில்லை. டயட்டம்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளச் சிலிக்கேட் சேர்ப்பது போன்ற சுற்றுவழிகள் அதற்கு வேண்டும். எனக்கு வந்தது முதல் வகை என்பதால் புறஊதா விளக்கை இரவுகளில் ஓட்டினேன்.

ஆயினும் விளக்கைவிட முக்கியம் ஊட்டச்சத்து. நான் முன்பு தொட்டி வைத்திருந்த காலத்தில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூச்சியத்தை எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவு நல்லது என்பதே எங்களுக்குள் நிலவிய கொள்கை. உயிர் நிறைந்த லைவ் ராக் இருந்த தொட்டிகளில் அது ஓரளவு நடந்தது. புதிய பாறைத் தொட்டியில் அப்படி வறட்சியை உண்டாக்கினால் போட்டியிடக்கூடிய பாக்டீரியாவும் பயனுள்ள பாசிகளும் பட்டினியாகித் தளர, எதையும் தின்று பிழைக்கும் டைனோக்கள் களத்தைத் தமதாக்கிக்கொள்கின்றன. பாறையை ஊற வைத்தபோது பாஸ்பேட்டைப் பூச்சியமாக்காமல் விட்டதற்கு இதுவே காரணம். எதிர்பாராதபடி இழைப்பாசி அதையும் தின்று தீர்த்திருந்தது. சோதனையில் நைட்ரேட் தெரியவே இல்லை. நீர் மாற்றத்தை நிறுத்தி, சோடியம் நைட்ரேட் கரைசலால் நைட்ரேட்டை லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம் வரையிலும், உணவை அதிகமாக்கிப் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 வரையிலும் தாங்கிப் பிடித்தேன். முதிர்ந்த தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கைப்பிடி மணலும் ஒரு சிறு பாறைத்துண்டும் வாங்கி வந்து சேர்த்தேன். அதில் வந்த நுண்ணிய ஓட்டுயிரிகளும் புழுக்களும் ஊதாப் பூச்சும் எந்தப் புட்டியிலும் கிடைப்பவை அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். சளி முதலில் மணலிலும் பிறகு பாறை உச்சியிலும் மெலிந்து, அந்த இடத்தில் பச்சைப் புள்ளிகளும், பின்னர் கோரலைன் பாசியின் ஊதாத் திட்டுகளும் வரத் தொடங்கின.

மீன்களில் இரண்டு ஓசெல்லாரிஸ் கோமாளி மீன்களை மட்டும் எடுத்திருக்கிறேன். இந்த இனம் சிங்கப்பூர்ப் பவளப்பாறைகளிலேயே வாழ்வது என்றாலும், நான் வாங்கியவை பண்ணையில் பிறந்தவை. மீன் இனப்பெருக்கத்தில் இடைவெளிக் காலத்தில் நிகழ்ந்த முன்னேற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. முட்டையிலிருந்து வளர்ப்பது ஏறத்தாழ முடியாதது என்று கருதப்பட்ட மஞ்சள் டேங் மீனை 2015-இல் ஹவாயின் ஓஷனிக் இன்ஸ்டிடியூட் ஆய்வாளர்கள் வளர்த்துக் காட்டினர். இன்று பண்ணை மஞ்சள் டேங் விலைக்குக் கிடைக்கிறது. கோமாளிகளைத் தனித்தொட்டியில் வைத்து, வெண்புள்ளி நோய் இல்லை என்று உறுதியான பிறகே சேர்த்தேன். அந்நோயைத் தரும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணி ஒருமுறை பெருந்தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன்களையெல்லாம் வெளியேற்றி 76 நாள் வரை தொட்டியை மீனின்றி விடுவதே வளர்ப்பாளர்கள் நம்பும் வழி. அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் தாமிர மருந்து பவளங்களுக்கும் நஞ்சு என்பதால், அவை இருக்கும் நீரில் அதைப் போட முடியாது.

பவளங்களில் முதலில் ஸினுலேரியா என்னும் மென்பவளமும் காளான் பவளமும் வந்தன. கல் பவளங்கள் அனைத்தும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. எனவே உரிய அனுமதியோடு இறக்குமதியானவற்றையும், உள்ளூர் வளர்ப்பாளர்கள் தம் தொட்டியில் வளர்த்து வெட்டித் தரும் துண்டுகளையும் மட்டுமே எடுக்கிறேன். ஒவ்வொரு துண்டையும் மருந்துநீரில் முக்குவதோடு, அது ஒட்டியிருக்கும் அடிக்கட்டையையும் வெட்டி எறிகிறேன். மருந்து பூச்சிகளைக் கொல்லும். மாண்டிபோரா என்னும் கல் பவளத்தைத் தின்னும் கடல் நத்தையின் முட்டைகளை அது கொல்லாது, அந்த முட்டைகள் பெரும்பாலும் கட்டையின் அடியிலும் ஓரத்திலும்தான் இருக்கும். விளக்கை மூன்றில் ஒரு பங்கு ஒளியில் தொடங்கி வாரவாரம் சிறிது சிறிதாக ஏற்றினேன். எல்இடியின் நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தாலும் பவளத்துக்கு அது கடுமையானது.

டார்ச் பவளமும் மாண்டிபோராவும் வளரத் தொடங்கியதும் பவளம் எலும்புக்கூடு கட்டப் பயன்படுத்தும் காரத்தன்மை நாளுக்கு 0.2 முதல் 0.3 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு) வரை குறைந்தது. அதை ஈடுகட்டச் சுண்ணாம்புத் தெளிநீரைத் தேர்ந்தெடுத்தேன். தெவிட்டிய சுண்ணாம்புநீர் ஒரு லிட்டர், 200 லிட்டர் தொட்டியின் காரத்தன்மையை ஏறத்தாழ 0.57 டிகேஹெச் உயர்த்தும். பவளம் எலும்புக்கூடு கட்ட எடுத்துக்கொள்ளும் விகிதத்திலேயே கால்சியத்தையும் தரும். குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் கரியமில வாயு தேங்கித் தொட்டியின் பிஹெச் 7.8 அருகே இறங்கிவிடுவதையும் அது சற்று உயர்த்திப் பிடிக்கிறது. என் தொட்டியில் நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் நீர் ஆவியாகிறது. அந்த இழப்பைத் தானே நிரப்பும் கருவியின் நீரில் லிட்டருக்கு 0.4 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது கால் பங்கு வலிமையில் கரைத்தால் நாள் தேவை அப்படியே நிறைவேறுகிறது. கரைத்த நீரை மூடியே வைக்க வேண்டும். காற்று பட்டால் மேலே ஆடை கட்டி வலிமை குறையும்.

இதில் ஆபத்து ஒன்று உண்டு: நிரப்பும் கருவி பழுதடைந்து நிற்காமல் ஓடினால் சுண்ணாம்புநீர் முழுவதும் தொட்டியில் கொட்டிவிடும். அதனால்தான் அந்த நீரை 10 லிட்டர் கலத்தில் மட்டும் வைக்கிறேன். கால் பங்கு வலிமையில் 10 லிட்டரும் ஒரே நேரத்தில் போனாலும் காரத்தன்மை 1.4 டிகேஹெச்தான் ஏறும்; பவளங்கள் வருந்தும், மடியா. பெரிய கலம் வைத்தால் அடிக்கடி நிரப்பும் வேலை மிச்சம். ஆனால் அந்த வசதிக்காக இந்தக் காப்பை நான் விடமாட்டேன். தேவை கூடும்போது கலத்தைப் பெரிதாக்காமல் வலிமையை மட்டும் கூட்டி, அதற்கும் மேல் வேண்டுமானால் சோடியம் பைகார்பனேட்டைத் தனியாக ஊட்டுவேன். 200 லிட்டருக்கு 6 கிராம் இட்டால் ஒரு டிகேஹெச் ஏறும்.

மிகுந்த ஒளியும் அலையோட்டமும் கேட்கும் அக்ரோபோரா என்னும் கல் பவளத்துக்கென்று பாறையின் உச்சியில் மூன்று இடங்களை ஒதுக்கியிருக்கிறேன். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் ‘பார்’ (PAR) அளவி ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பார்த்ததில் அங்கே ஒளி 250-க்கும் 300-க்கும் இடையே இருக்கிறது, அலையோட்டமும் போதும். காரத்தன்மை 8.2 டிகேஹெச்சுக்கும் 8.6 டிகேஹெச்சுக்கும் இடையே அசையாமல் நிற்கிறது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் நான் ஊட்டாமலேயே மீன் உணவால் மட்டும் நிலைகொள்ளும்போது முதல் துண்டை வைப்பேன். சோடியம் நைட்ரேட்டின் அளவை இப்போது பாதியாகக் குறைத்திருக்கிறேன்.